வழிவிட்ட கை

என் அக்கா வீட்டுக்காரருக்கு வலது கை மட்டும் கறுப்பு. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றியே வண்டி ஓட்டுவார். வெயில் அந்தக் கையை மட்டும் தனியாக வறுத்துவிட்டது. இடது கை வேறு யாருடையதோ போல வெளுப்பாக இருக்கும். "ஒரு கையை இரவல் வாங்கிட்டு வந்து பொண்ணு பார்த்தாரு" என்று அக்கா கேலி செய்வாள்.

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. கதவோரத்து மடக்கு இருக்கை என்னுடையது. அங்கிருந்து பார்த்தால் அவருடைய முதுகும், கண்ணாடியில் அவர் கண்களும், வெளியே நீட்டிய அந்தக் கையும் தெரியும்.

வண்டி நிறுத்துமிடத்தில் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் நத்தை.

"நத்தை அண்ணே, இன்னைக்காவது நாலாவது கியரைப் பார்த்தீங்களா? துருப்பிடிச்சிடப் போகுது."

"துருப்பிடிச்சா எண்ணெய் விட்டுக்கலாம்ப்பா. மண்டை உடைஞ்சா எதை விடுறது?"

மெதுவாக ஓட்டுகிறவனுக்குப் பின்னால் யாராவது ஒருவர் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்துகொண்டேதான் இருப்பார். ஹாரன் அலறும். முன்விளக்கு அணைந்து அணைந்து எரியும். மாமா அவர்களை 'வால்' என்பார். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. பின் கண்ணாடியில் ஒரு வண்டி நெருங்கினால் கடைசி வரிசை கத்தும்.

"அங்கிள், வால் முளைச்சிடுச்சு!"

"முளைக்கட்டும், முளைக்கட்டும்."

"வெட்டிடுங்க அங்கிள்!"

"வெட்டினா நமக்குத்தான்டா வலிக்கும்."

வால் வந்தால் அவர் வேகம் கூட்டமாட்டார், சட்டென்று பிரேக்கும் மிதிக்கமாட்டார். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடுவார். "அவனுக்கும் சேர்த்து நான்தானே பிரேக் போடணும்" என்று ஒரு முறை சொன்னார். கோபமே வராதா என்று கேட்டதற்கு, "சரக்கு லாரி ஓட்டின காலத்துல நானும் எத்தனையோ பேருக்கு வாலா இருந்தவன்தானே" என்று சிரித்தார்.

கிடங்கின் நீளச் சுவரையொட்டி எங்கள் சாலையில் ஒரு வளைவு உண்டு. எதிரே வருவது தெரியாது. வளைவு முடிந்ததும் பேருந்து நிழற்குடை, அதன் பக்கத்தில் அகலமான இடம். எந்த வாலாக இருந்தாலும் அதுவரை பின்னாலேயே வரவேண்டியதுதான். அங்கே மாமா ஓரம் கட்டி, எதிரே பார்த்துவிட்டு, வலது கையை வெளியே நீட்டி முன்பக்கமாக ஆட்டுவார். கூடவே, "போயிட்டு வா ராசா" என்பார். பிள்ளைகளும் ஒரே குரலில், "போயிட்டு வா!" என்று கூவும். திட்டிக்கொண்டே முந்துகிறவர்கள்கூடச் சிலசமயம் சிரித்துவிடுவார்கள்.

அந்த வார்த்தை அக்காவிடமிருந்து வந்தது. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. பால் போடுகிறவர் சொன்னாலும் நிறுத்திவைத்துத் திருத்துவாள். "அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

அன்று காலை தூறல். பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஒரு சாம்பல் நிறக் கார் ஒட்டிக்கொண்டது. ஓட்டியவன் இளைஞன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்விளக்கு வெளிச்சம் எங்கள் பின் கண்ணாடியில் பளீர் பளீரென்று அடித்தது. கடைசி வரிசைக் குட்டிப் பெண் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "இடிக்கப் போறாங்க, அக்கா, இடிக்கப் போறாங்க." அவள் அழவும் பக்கத்தில் இருந்தவளும் அழுதாள். நான் எழுந்து போய் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது மாமாவின் கண்கள் கண்ணாடியில் அந்தக் குழந்தையைப் பார்த்தன.

வளைவு இன்னும் வரவில்லை. சுவர் தொடங்கும் இடத்தில் மாமா வேனை ஓரம் ஒதுக்கினார். கை வெளியே போனது. முன்பக்கமாக ஆடியது.

"போயிட்டு வா!" என்று பிள்ளைகள் கூவின. கார் சீறிக்கொண்டு முந்தியது. அந்தப் பையனும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். நன்றியா, கோபமா, தெரியவில்லை.

வளைவிலிருந்து லாரி வந்தது.

சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. மாமா வேனை நிறுத்தி இறங்கினார். "புள்ளைங்க பார்க்காம பார்த்துக்கோ" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவரை அந்த வேனில் குரலே உயர்த்தாதவள், "என் தோடு விழுந்துடுச்சு! எல்லாரும் கீழ குனிஞ்சு தேடுங்க!" என்று கத்தினேன். எல்லாத் தலைகளும் இருக்கைகளுக்கு அடியில் போயின. ஒருவன் பென்சில் துண்டைக் கண்டெடுத்தான். என் மடியில் இருந்தவள் மட்டும் என் காதைத் தொட்டு, "இங்கதான் இருக்கு" என்று மெல்லச் சொன்னாள். ஆனால் மற்றவர்களிடம் சொல்லவில்லை.

காரில் வந்தவன்மேல்தான் தப்பு என்று போலீஸ்காரரும் லாரிக்காரரும் சொன்னார்கள். வளைவில் முந்தினான், அவ்வளவுதான். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாமாவின் கை ஜன்னலுக்கு வெளியே போகவில்லை. நிழற்குடை வந்தாலும் ஓரம் கட்டமாட்டார். வால்கள் நீண்டன. கண்ணாடியை இறக்கி என்னென்னவோ திட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டே அதே வேகத்தில் ஓட்டினார். பிள்ளைகளும் கூவுவதை நிறுத்திவிட்டன.

"ஒதுங்கித்தான் தொலையுங்களேன், ஏன் இத்தனை பேரு வாயில விழறீங்க?" என்றாள் அக்கா.

"என் கையை நம்பி இனிமே யாரும் போக வேண்டாம்" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை. எங்கே வைத்துக் கை காட்டினார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு மத்தியானம், வீட்டு வாசலில் மாமா வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்தார். சலவைக் கடை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. விரல்கள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. அந்தப் பையனின் அம்மா. அக்கா உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். மாமா ஈரக் கையோடு எதிரே உட்கார்ந்தார்.

"கடைசியா அவனைப் பார்த்தது நீங்கதானாமே."

"ஆமாம்மா."

"காலையில வீட்டுல சண்டை. வேலைக்கு நேரமாச்சுன்னு சாப்பிடாமக் கிளம்பினான். அந்தக் கோபத்துலயும் 'போயிட்டு வரேம்மா'ன்னான். நான் பதில் சொல்லல. துணி மடிக்கிற சாக்குல முகத்தைத் திருப்பிக்கிட்டேன்." மேலங்கியின் ஓரத்தை மடித்து, திரும்பப் பிரித்தார். "ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அக்கா தாங்கமாட்டாமல், "நீங்க சொல்லலைன்னா என்னம்மா, வேன்ல இருந்த அத்தனை பச்சைப் புள்ளைங்களும் 'போயிட்டு வா'ன்னு சொல்லித்தான் அனுப்பிச்சுது. இவரும் சொன்னாரு. எல்லாருக்கும் சொல்லுவாரு" என்றாள்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சொன்னீங்களாய்யா?" என்று மாமாவின் வலது கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருப்பீங்க. நீங்க நல்லா இருப்பீங்க."

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தையாவது அந்த அம்மாவிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் அந்த அம்மாவின் கைகளுக்குள் இருந்தது.

"அம்மா, இந்தக் கைதான்ம்மா."

"என்னய்யா?"

"போன்னு காட்டினது இதுதான். எப்பவும் வளைவு தாண்டித்தான் காட்டுவேன். அன்னைக்கு முன்னாடியே காட்டிட்டேன். ஒரு குழந்தை அழுதுச்சு. இவன் போயிட்டாத் தேவலைன்னு ஆயிடுச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா, "எதிர்ல வண்டி வர்றது தெரியுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"தெரியாதும்மா. தெரியாத இடத்துல காட்டக் கூடாதுங்கிறது மட்டும் தெரியும்."

அந்த அம்மா அவருடைய கையை அவர் மடியிலேயே திரும்ப வைத்தார். பிறருடைய துணியை மடித்து வைப்பதுபோல, பதமாகத்தான் வைத்தார். பிறகு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பாமலே சொன்னார்.

"போறேன்."

அக்கா வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அன்று மட்டும் அவள் யாரையும் திருத்தவில்லை.