பத்தினது விளக்கு மட்டும்

என் பழைய காரின் பிரேக் விளக்கு நினைத்தால் எரியும், நினைக்காவிட்டால் எரியாது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அதன் சுவிட்சுக்கு மனம் வரவேண்டும். விசுவமடுவில் இது யாருக்கும் தொந்தரவில்லை. நிறுத்தப்போகிறேன் என்றால் கையை வெளியே நீட்டிக் காட்டுவேன். பின்னால் டிராக்டரில் வருகிறவனுக்கு அது போதும்.

அந்தக் காரில்தான் கல்யாணத்தன்று கோயிலில் போய் இறங்குவேன் என்று மகள் சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள். கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து வந்த அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் புருஷனுக்கு, அது பொறுக்கவில்லை.

"லைற் பத்தாத காரிலயோ பொம்பிளை போறது? எங்கட ஊரில எண்டால் றோட்டிலயே விடமாட்டாங்கள்."

அவர் பிறந்த ஊர் பக்கத்திலிருக்கிற பரந்தன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு காருக்குள் புகுந்தார். பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்த பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தார். ஒழுகிய ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்தார். மோட்டார் சைக்கிள் சுவிட்ச் ஒன்றை மிதியோடு கம்பியால் கொழுவினார்.

"குழாய்க்குள்ள காத்துப் போயிருக்கும் அத்தான். அதை எடுக்காட்டிப் பிரேக் பிடியாது."

"நீ சும்மா இரு. லைற்றைப் பார்!"

மிதியில் கால் பட்டதுமே இரண்டு விளக்கும் எரிந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதற்குப் பிறகு காற்றைப் பற்றி யார் கதைத்தது? ஓடிப்போய் விளக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவனே இந்த மடையன்தான். கண்ணூறு படாமல் முன்சில்லுக்குக் கீழே தேசிக்காயும் வைத்தேன்.

அத்தான் காரை எடுத்தார். பின்னால் நின்று விளக்கு பத்துகிறதா, எரிகிறதா என்று பார்த்துச் சொல்வது மகளின் வேலை. தேசிக்காய் நசிந்தது. கார் நிற்கவில்லை.

"பத்துதோ?" என்று கத்தினார் அத்தான்.

"ஓம் மாமா, பத்துது!"

வாசல் வாழை சாய்ந்தது.

"இப்ப?"

"பத்துது, பத்துது!"

கல்யாணப் பந்தலின் இரண்டு கால்களை முறித்துக்கொண்டு போய், சமையலுக்கு இறக்கிவைத்திருந்த கிடாரத்தில் மோதித்தான் கார் நின்றது. முன்பக்கம் சப்பளிந்து தண்ணீர் ஒழுகியது. பின்விளக்குகள் மட்டும் திருவிழாப்போல எரிந்துகொண்டிருந்தன.

அத்தான் இறங்கிவந்து, "சுவிட்சில ஒரு பிழையுமில்லை" என்றார். எனக்கு வந்த விசருக்கு அந்தப் போல்ட்டை அவர் வாய்க்குள் இறுக்கியிருப்பேன். அக்காவின் முகத்துக்காக, முறிந்த பந்தல்காலை இழுத்து ஓரத்தில் போட்டேன்.

மகள் காரின் நசிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கு ஒரு ஓட்டோ பிடியுங்கோ அப்பா" என்றாள். "கை காட்டி ஓடுற ஆளாப் பாருங்கோ."