அர்த்தம் சொன்னால்தான் புள்ளி

நேற்று வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் திரும்பும்போது, பொழுது போகாமல் கைப்பேசியில் ஆங்கிலச் சொல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். மிஞ்சியிருந்தவை ஒய், இ, எக்ஸ் என்று உருப்படாத எழுத்துகள். 'யெக்ஸ்' என்று வைத்தேன். பொலபொலவென்று புள்ளிகள் கொட்டின. அர்த்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

கேட்கிற வீடு ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் மாடியறையில் குடியிருந்தேன். கீழே பிலோமினா ஆன்ட்டியும் அவர் தம்பி ஜோசப் அங்கிளும். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் அதே சொல்லாட்டத்தின் பலகையை விரிப்பார்கள். எழுத்துக்கட்டைகள் போட்டுவைத்த துணிப்பையில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். இன்றும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதுபோல ஒரு பிரமை.

அந்த வீட்டில் ஒரு சட்டம். எந்தச் சொல்லையும் வைக்கலாம். ஆனால் அர்த்தத்தைத் தமிழில் சொன்னால்தான் புள்ளி. அகராதியோடு உட்கார்ந்திருக்கும் நடுவர் நான். திருப்பத்தூர் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்துக்கு அது கொஞ்சம் பெரிய பதவிதான். 'கூம்' என்றால் மலைமடியில் இருக்கும் பள்ளம், 'ஆய்' என்றால் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறி விலங்கு... இத்தனையும் தெரிந்தும் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் ஒழுங்காக எழுத வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. வீட்டைப் பில்டருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அங்கிள். முடியவே முடியாது என்றார் ஆன்ட்டி. அத்தோடு பேச்சு நின்றுபோனது. "உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுப்பா" என்று எல்லாம் என் வழியாகத்தான். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அர்த்தம் கேட்பதற்கு மட்டும் இருவரும் நேராக வாய் திறப்பார்கள்.

அங்கிள் 'யெக்ஸ்' வைத்தது அப்போதுதான்.

"அர்த்தம்?" என்றார் ஆன்ட்டி.

"விக்கல். யாராச்சும் நம்மள நெனச்சா வருமே, அது."

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டியின் முகம் சரியில்லை. மறுநாள் பில்டரின் ஆள் வீட்டை அளக்க வருவதாக இருந்தது. வெகுநேரம் யோசித்து 'லிம்பெட்' என்று வைத்தார்.

"அர்த்தம்?" என்றார் அங்கிள்.

"கடல் நத்தை. ஒரு பாறையப் புடிச்சா புடிச்சதுதான். பேத்து எடுத்தா செத்துரும்."

அங்கிள் என்னைப் பார்த்தார். அகராதியைப் புரட்டினேன். பாறையில் ஒட்டிக்கொள்ளும் என்பதுவரை இருந்தது. சாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

"கரெக்ட்தான் அங்கிள்" என்றேன்.

அவர் கட்டைகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ்ளோ கஷ்டமாக்கா ஒனக்கு?" என்றார்.

"ம்."

"சரி. நீ இருக்கறவரைக்கும் வீட்டுப் பேச்ச எடுக்கல."

"ஆய்த்து, சரி. ஒன் ஆட்டத்த ஆடு."

நான் லிம்பெட்டுக்குப் புள்ளி குறித்தேன்.

அங்கிள் சொன்ன சொல் தவறவில்லை. கூரையை மாற்றினார். ஆன்ட்டியை அந்த வீட்டிலிருந்துதான் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். பிறகு அங்கிளும் போய்ச் சேர்ந்தார். இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. சாப்பாட்டு மேசை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று மெட்ரோவில் என்னை அறியாமல், "விக்கல்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, வாங்கிக் குடித்தேன். உண்மையில் எனக்கு விக்கல் எடுக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து என்னை நினைக்க இப்போது ஆளில்லை.