என் சீட்டின் முதுகில் நாற்பத்து மூன்று அம்புகள்

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் கோபம் புதிதல்ல. எதிர்த்திசையில் பைக் ஓட்டி வருகிறவன், வலதுபக்கம் இண்டிகேட்டரைப் போட்டு இடதுபக்கம் திரும்புகிறவன், நடுரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றும் பஸ்காரர் என்று கோவை ரோடுகளைப் பற்றி நான் எழுதிய பதிவுகளில் பாதி வசவுதான். வெள்ளகோவிலில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சாமான் வாங்க மாதம் நான்கு முறையாவது கோவைக்குப் போய்வருவேன். பதினேழு வருடமாகக் கார் ஓட்டுகிறேன், நானாக யார்மேலும் ஒரு கீறல் போட்டதில்லை என்பது என் பெருமை. இந்தப் பதிவு அந்தப் பெருமை போன கதை.

போன ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, என் மனைவி சாந்தாமணிக்கு வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது. காங்கேயத்தில் பார்த்த டாக்டர், "இன்னைக்கே கோயமுத்தூர் கொண்டு போயிருங்க" என்றார். விழித்திரை பிய்ந்து விலகியிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்திருக்கிறோம், அதுதான் விழித்திரையை அழுத்தி ஒட்ட வைக்கும், அது சரியான இடத்தில் நிற்க இவர் ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என்றார்கள். சாப்பிடுவதும் தூங்குவதும்கூடக் குனிந்தபடிதான். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது வாயு கரைந்த பிறகுதான் தெரியுமாம்.

சாந்தா பதினெட்டு வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் தேடிப் பிடிப்பது வேலை. குற்றம் இருக்கும் இடத்தைக் காட்டிச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் ரோல் அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும். கண் போனால் அந்த மேசை போய்விடும். பேக்கிங்கில் போடுவார்கள் என்று அவளே சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்ததைக் கேட்டபின் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "முடிஞ்ச அளவு குலுங்காமக் கூட்டிட்டுப் போங்க" என்றார் நர்ஸ். பின்சீட்டின் நடுவில் சாந்தாவை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, மடியில் இரண்டு தலையணை போட்டு அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் செய்தேன். காலை 10.20க்குக் கிளம்பினோம். சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், காங்கேயம் வழியாக வெள்ளகோவில், என் கார் மீட்டரில் 91 கிலோமீட்டர். வழக்கமாக இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடிப்பேன்.

சிங்காநல்லூர் சிக்னல் வரை ஐந்து கிலோமீட்டர்தான், அதற்கு அரை மணி நேரம் ஆனது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஒருவர் எதிர்த்திசையில் வந்தார். பின்னால் சிலிண்டர் வேறு. நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சிக்னல் பச்சையானதும் முன்னால் நின்ற டவுன் பஸ் நகரவில்லை. இடதுபக்கம் கிடைத்த சந்தில் காரை நுழைத்து, ஆட்டோக்காரர் ஒருவர் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். "முருகா" என்று பின்னாலிருந்து மெதுவாக ஒரு சத்தம். "பாத்தியா, எப்படி வர்றான் பாரு" என்றேன் நான். பார்க்கிற நிலையிலா அவள் இருந்தாள்!

சூலூருக்கு முன்னால் குழாய்க்குத் தோண்டிய குழி ஒன்று மூடாமல் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் வேப்பங்கிளையை நட்டு வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் சக்கரம் உள்ளே போயிருக்கும். அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில், நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியில் ஒரு வெள்ளைக் கார் எந்த அறிவிப்பும் இல்லாமல் வளைந்து திரும்பியது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. விரட்டிப் பிடித்து, குறுக்கே நிறுத்தி, இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். அவரும் விடவில்லை. "ஏனுங்க, நீங்க வந்த வேகத்துக்கு நா எப்படீங்க நிக்கறது?" என்று அவர் கேட்டதை அன்று நான் காதில் வாங்கவே இல்லை. திரும்பி வந்தபோது நான்கு நிமிடம் ஓடியிருந்தது. ஏ.சி. இல்லாத காரில் அவள் குனிந்தபடியே வியர்த்துக்கிடந்தாள்.

"தண்ணி வேணுமா?" என்றேன்.

"வேணாங்க. ஊட்டுக்குப் போலாங்க."

பல்லடத்தில் கோழி ஏற்றிய லாரி இடதுபக்கமாக ஏறி வந்து கண்ணாடியெல்லாம் இறகைப் பறக்கவிட்டுப் போனது. அதைத் தாண்டாமல் விடுவதில்லை என்று தாண்டினேன். 12 மணிக்குப் பொங்கலூர். அங்கேதான் அந்த டிரெய்லர் மாட்டியது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், காற்றாலையின் ஒற்றை இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு தெரு நீளத்துக்கு வண்டி போகும். முன்னாலும் பின்னாலும் சிவப்புக்கொடியோடு ஆட்கள் ஜீப்பில் போவார்கள். வேகம் இருபதைத் தாண்டாது. நான் வலதுபக்கம் எட்டி எட்டிப் பார்த்து இரண்டு முறை ஏறப் பார்த்து, இரண்டு முறையும் பிரேக் அடித்துப் பின்வாங்கினேன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரோடு அகலமான ஓரிடத்தில் டிரெய்லர் நின்றது. பின் ஜீப்பிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கொடியோடு இறங்கி என்னிடம் வந்தார்.

"ஏனுங்ணா, எங்க போறீங்க இத்தன அவசரமா?"

"வெள்ளகோயிலுங்க. சம்சாரத்துக்குக் கண்ணு ஆபரேசன். குலுங்காமக் கூட்டிட்டுப் போகோணும். வழி உடுங்க."

அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"குலுங்காமப் போகோணும்னா எங்களத் தாண்டி எதுக்குங்ணா போறீங்க? பின்னாலயே வாங்க. குழி, மேடு எதுவானாலும் முன்னால போற ஜீப்புக்காரர் பாத்துச் சொல்லிருவாரு. இத்தாம் பெரிய றெக்கையக் கண்டா எதுக்கால வர்றவனெல்லாம் ஓரங்கட்டி நின்னுக்குவான். அவிநாசிபாளையத்துல நாங்க தாராபுரம் ரோட்டுக்குத் திரும்பிருவோம். அதுவரைக்கும் எங்க வால்லயே வாங்க." பின் கண்ணாடிப் பக்கம் போய், "அம்மணி, பயப்படாதீங்க. மெதுவாத்தான் போவோம்" என்றார்.

ஒன்பது கிலோமீட்டர், முப்பது நிமிடம். என்னை முந்த யாருக்கும் இடமில்லை, நான் முந்தவும் யாருமில்லை. வேகத்தடை வரும் முன்பே ஜீப்பிலிருந்து கை வெளியே வந்து மெல்ல ஆடும். நான் மெல்ல ஏறி மெல்ல இறங்குவேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, "இப்பத்தானுங்க நிம்மதியா இருக்குது" என்று குரல் வந்தது. அவிநாசிபாளையத்தில் அவர்கள் வலப்பக்கம் திரும்பும்போது அந்த மனிதர் கொடியை ஒருமுறை எனக்காக வீசினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

1.20க்கு வீடு. பின்கதவைத் திறந்து சாந்தாவை இறக்கியபிறகு தலையணையை எடுக்கக் குனிந்தேன். முன்சீட்டுகள் இரண்டின் முதுகிலும் சிவப்பு அம்புகள். இடதுபக்கச் சீட்டில் பத்தொன்பது. நான் உட்காரும் சீட்டில் நாற்பத்து மூன்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ன சாந்தா இது?"

கட்டிலில் கவிழ்ந்து படுத்தபடி அவள் சொன்னாள். "அந்தப் பக்கத்து சீட்டுல ஒட்டுனது ரோட்டுக் குத்தமும் அடுத்தவங்க குத்தமுமுங்க. உங்க சீட்டுல ஒட்டுனது உங்களுது."

எனக்குச் சுருக்கென்றது. "நீ ரோட்டப் பாக்கவே இல்லியே. எது என்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"துணியத் தொட்டாத் தெரியாதுங்களா, அது துணிக் குத்தமா தையல் குத்தமான்னு? வண்டி அதும்பாட்டுக்குப் போயிட்டிருக்கறப்பத் தூக்கிப் போட்டா அது ரோடு. ஹாரன் அடிச்சு, திட்டி, சர்ருனு வேகமாப் போயி, அப்பறம் பிரேக் அடிச்சா அது நீங்க. நடுவால அந்த றெக்க வண்டி பின்னால வந்தோம் பாருங்க, அரை மணி நேரம் ஒண்ணே ஒண்ணுகூட ஒட்டலீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒவ்வொருக்கா குலுங்கறப்பவும் கண்ணு போச்சுன்னுதானுங்க நெனச்சேன். கத்துனா உங்களுக்கு இன்னும் கோவம் வரும். இன்னும் வேகமாப் போவீங்க. அதனால ஒட்டிப்போட்டேன்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. அவள் கண்ணுக்காகத்தான் எல்லார்மேலும் கோபப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று தடவை அவளைப் பயத்தில் உறையவைத்தது அந்தச் சிலிண்டர்காரரோ கோழி லாரியோ இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கு உபதேசம் செய்து இங்கேயே ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை. காலை 6.10க்குக் கிளம்பினோம். அந்த இறக்கை வண்டி முன்னால் போகிறது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். முந்தவேண்டும்போல் இருந்தால் வண்டியைக் கொஞ்சம் பின்னால் விட்டேன். ஹாரனை ஆறு முறை அடித்திருப்பேன். 8.35க்கு மருத்துவமனை. பதினேழு வருடமாக ஆத்திரப்பட்டு நான் மிச்சம் பிடித்தது ஒரு நடைக்கு வெறும் இருபது நிமிடம்! சாந்தா கேட்காமலே ஒட்டிக்கொண்டு வந்தாள். இடது சீட்டில் பதினாறு, என் சீட்டில் ஏழு. "பரவால்லீங்க, ரெண்டாந்தரமாத் தேறிட்டீங்க" என்றாள்.

இதே வேலையாகக் கோவை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஆறரைக்குள் கிளம்பிவிட்டால் சிங்காநல்லூர் தொல்லை பாதியாகும். போகவர 182 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு எனக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மருத்துவமனைப் பக்கம் பார்க்கிங் நாற்பது ரூபாய். மடியில் வைக்கக் கெட்டியான தலையணை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மெத்துமெத்தென்று இருப்பது நசுங்கிவிடும். கண்ணில் வாயு வைத்திருந்தால் அது கரையும்வரை ஊட்டி, வால்பாறை என்று மலை ஏறவே கூடாது, விமானமும் கூடாது. இதை மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வழியில் காற்றாலை இறக்கை வண்டி கிடைத்தால் தாண்டாதீர்கள், அதைவிடப் பத்திரமான இடம் இந்த ரோட்டில் இல்லை. முடிந்தால், வண்டி ஓட்டுகிறவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஸ்டிக்கர் ரோலைக் கொடுத்துப் பின்னால் உட்காரவையுங்கள். ரோட்டுக் குற்றம் பத்தொன்பதும் குற்றம்தான், அதற்கு நான் இன்னும் கோபப்படுவேன். ஆனால் சூலூர்க் குழி மூடித் தார் போட்டாகிவிட்டது. வேப்பங்கிளைக்கு இனி அங்கே வேலையில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. வாயு முழுக்கக் கரைந்திருந்தது. விழித்திரை நன்றாக ஒட்டிவிட்டது என்றார் டாக்டர். சாந்தாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "அங்க வெச்சிருக்கற எழுத்தெல்லாம் பெருசுங்க. ஊசி ஓட்டை தெரியுமான்னு அது சொல்லாதுங்க" என்றாள். முன்சீட்டுக்கு வரச் சொன்னேன். செக்கிங் டேபிள் பின்னாலதான் என்று மறுத்துவிட்டாள். பழைய அம்புகளை எல்லாம் முன்பே உரித்துவிட்டிருந்தாள், கிளம்பியதும் புதிதாக ஒட்ட ஆரம்பித்தாள். வழியெல்லாம் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்துகொண்டே வந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பல்லடம் தாண்டியதும் தூங்கிப்போனாள்.

பொங்கலூரில் பழைய புத்தி தலைகாட்டியது. கோழி லாரி ஒன்றைத் தாண்ட ஏறி, எதிரே பஸ் வர, பிரேக் அடித்துப் பின்வாங்கினேன். அவள் எழவில்லை. நல்லவேளை என்றுதான் முதலில் தோன்றியது. காங்கேயம் வரை அது உறுத்திக்கொண்டே வந்தது. அங்கே டீக்கடையில் அவள் முகம் கழுவப் போனபோது, பின்சீட்டில் கிடந்த ரோலிலிருந்து ஒரு அம்பை உரித்து என் சீட்டின் முதுகில், ஹெட்ரெஸ்டுக்குக் கீழே மூலையில் ஒட்டினேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, உரிக்கும்போது வால் கிழிந்துவிட்டது. சீட் உறை வேறு மெரூன் நிறம், சிவப்பு ஒட்டியதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருகினேன்.

"ஏனுங்க."

"என்ன?"

"நா ரெண்டுதானுங்க ஒட்டியிருந்தேன். இங்க மேல மூலையில மூணாவதா ஒண்ணு இருக்குது. வால் பக்கம் கிழிஞ்சிருக்குது."

திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது கண்ணை உள்ளங்கை முழுதாக மூடியிருந்தது.

"அது பொங்கலூர்ல," என்றேன். "நீ தூங்கிட்டிருந்த."

அவள் கையை எடுக்கவில்லை. வலது கண்ணாலேயே அந்தக் கிழிந்த வாலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பத் திங்கக்கெழமையில இருந்து நா வேலைக்குப் போறனுங்க."