கண்ணில் தெரிந்த செம்பு வளையம்

2004ஆம் வருஷம் மாசி மாதம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. ஒரு ரூமில் நாலு பெண்கள் இருப்போம். ஒரு நாள் என் கையிலிருந்த மருந்து தரையில் சிந்தியது. மறுநாளும் சிந்தியது. போர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“முத்துமாரி, ஒன் கை நடுங்குனா ஒனக்கு மட்டும் ஆபத்தில்ல. ரூம்ல இன்னும் மூணு உசுரு இருக்கு. சரியானதும் வா.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் திருத்தங்கல் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை.

அதோடு நிற்கவில்லை. சித்திரையில் நாக்கு தடித்தாற்போல ஆனது. நான் பேசுவது மற்றவர்களுக்குப் புரியவில்லை. வாயோரம் எச்சில் வழியும். காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும். பேய் பிடித்திருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உள்ளூர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார். என் மாமியார் வேப்பிலை அடிக்கவும் கூட்டிப்போனார், கயிறும் கட்டிவிட்டார். செம்புத் தண்ணீர் நரம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் சாயங்காலம் செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவைத்து, விடிந்ததும் ஒரு சொம்பு நிறைய எனக்குக் கொடுப்பார். பாசத்தோடுதான் கொடுத்தார். நானும் ஒரு மாதத்துக்கு மேல் குடித்தேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வம் லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு வேலைக்குப் போவார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். இவருக்குப் பாரமாக இருப்பதைவிடப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிகால பூஜை முடிந்து கூட்டம் கலைந்தபின் நம் ஊர் மாரியம்மன் சன்னதியில் போய் நின்றேன். அதுவரை ‘கை நடுக்கத்தை நிறுத்து’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. மனசுக்குள் ஒன்றே ஒன்று கேட்டேன். ‘தாயி, எனக்கு என்னான்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சா தாங்கிக்கிறேன்.’ வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது மனசு கொஞ்சம் அடங்கியிருந்தது. அன்று ராத்திரி, கேட்டதை என் வீட்டுக்காரரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. என் மாமியாருக்குக் கண்புரை. துணைக்குப் போனேன். எனக்கு யாரும் வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போகவில்லை. வரிசையில் நின்று, அவருடைய சீட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். சீட்டு படபடவென்று ஆடியது. அந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சீட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. மாமியார் எடுத்துச் சொன்னார். உடனே என்னை உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்து மேலே பார், கீழே பார் என்றார். வெகுநேரம் பார்த்தார்.

“கருவிழி ஓரத்துல பழுப்பா ஒரு வளையம் தெரியுது. அத்தையோட நீங்களும் இன்னைக்கே மதுரைக்கு வண்டி ஏறுங்க” என்றார்.

கண்புரை ஆபரேஷனுக்காக நோயாளிகளை மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன முகாம் பஸ்ஸில்தான் நானும் போனேன். மதுரையில் பெரிய மெஷினில் கண்ணைப் பார்த்து உறுதி செய்தார்கள். பிறகு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு முழுநாள் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதித்தார்கள். கடைசியில், செய்தி கேட்டு என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தபின், டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். சாப்பாட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் செம்புச் சத்து சேரும். மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிடும். என் உடம்புக்குப் பிறவியிலேயே அது முடியவில்லை. வருஷக்கணக்காகச் செம்பு ஈரலில் தங்கி, மூளையில் ஏறி, கண்ணிலும் படிந்திருக்கிறது. மிஞ்சிய செம்பு, இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி நரம்பை உள்ளுக்குள் அரிக்கும் என்றார்.

பட்டாசில் நீல நிறத்துக்குச் செம்பு உப்பு கலப்பார்கள். அதனால் வந்ததா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, இது அப்பா அம்மா இருவர் வழியிலும் வருவது என்றார் டாக்டர். செம்புக் குடத்துத் தண்ணீரை அன்றோடு நிறுத்தச் சொன்னார். என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொடுத்தது ஒரு மாத்திரைதான். அது உடம்புக்குள் போய்ச் செம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியேறிவிடுமாம். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வந்தேன். ஆனால் இரண்டாவது வாரம் இன்னும் மோசமானது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எறியவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். டாக்டர் அவரிடம், தங்கியிருந்த செம்பு இளகிக் கிளம்பும்போது சிலருக்கு முதலில் இப்படிக் கூடும், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவோம், நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

திரும்பி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அம்மன்கிட்ட என்னான்னு சொல்லுன்னுதான கேட்ட? சொல்லிட்டா. இனி நாம செய்ய வேண்டியத செய்வோம்” என்றார்.

அன்றிலிருந்து விடாமல் சாப்பிட்டேன். ஆடியில் கஞ்சி இறங்கியது. புரட்டாசியில் ஜாக்கெட் ஊக்கை நானே மாட்டினேன். கார்த்திகையில் வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போட்டேன். கோடு கோணல்தான். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். யாரும் பேயைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அம்மன் எனக்குச் சொன்ன பதிலின் மீதியை நான் பிறகுதான் அறிந்தேன். கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே தங்கச்சி, காளீஸ்வரி. பதினேழு வயது. அச்சங்குளத்தில் அம்மாவோடு இருந்தாள். ஓடியாடித் திரிகிற பிள்ளை. அம்மா பிடிவாதமாக மறுத்தார். கல்யாணம் ஆகாத பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் வெளியே தெரிந்து மாப்பிள்ளை அமையாது என்பது அவர் பயம். மூன்று தடவை ஆள் விட்டும் கேட்கவில்லை. தை மாதம் நானே போனேன். பேச்சு அப்போதும் முழுசாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“அம்மா, நான் பேசுறதக் கேளு. இவளும் இப்படிப் பேச ஆரம்பிச்ச பெறகுதான் கூட்டிட்டுப் போவியா?”

அம்மா எழுந்து உள்ளே போனார். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, “பஸ் எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

பரிசோதனையில் தங்கச்சிக்கும் அதே நோய் இருந்தது. செம்பு ஈரலில் சேர ஆரம்பித்திருந்தது, மூளைக்கு ஏறவில்லை. சாப்பாட்டிலுள்ள செம்பை உடம்பில் ஏறவிடாத துத்தநாக மாத்திரையை அவளுக்குக் கொடுத்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதி நோய்க்கும் இப்படிச் செம்பைப் பிடிக்கிற மருந்து உதவுமா என்று ஆராய்கிறார்கள், இன்னும் முடிவு தெரியவில்லை என்று மதுரை டாக்டர் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அதற்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது 2009. என் பேச்சு கொஞ்சம் இழுக்கும். பட்டாசு வேலைக்குத் திரும்பவில்லை. அச்சாபீஸில் காலண்டர் தாள் அடுக்குகிறேன். மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. காலையில் மாத்திரையும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து அவர்தான் என்னை எழுப்புகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களில் யாருக்காவது புரியாத நோய் வந்திருந்தால், அம்மனிடம் போய் நில்லுங்கள். அவள் சன்னதியிலும் பதில் சொல்வாள், பள்ளிக்கூட வரிசையில் நிற்கும்போதும் சொல்வாள். சொன்ன பிறகு மருந்தை விடாதீர்கள். வீட்டில் கூடப் பிறந்தவர்களையும் கூட்டிப்போங்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்லித்தான் போன தையில் காளீஸ்வரிக்குக் கல்யாணம் முடித்தோம். மணமேடையில் அவள் மாலையை எடுத்து மாப்பிள்ளை கழுத்தில் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கை ஒரு நாளும் நடுங்கியதே இல்லை.