பிடித்தவர் வெட்டுவதில்லை

என் கையிலிருந்த தூண்டிலை அத்தான் பிடுங்கியதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அக்கா பலமுறை கேட்டிருக்கிறாள். அவள் கணவர், அவள் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பாரிசுக்கு வந்த நான், எபினே புறநகரில் அக்கா வீட்டில்தான் முதலில் இருந்தேன். கோடை ஞாயிறுகளில் அத்தான் எங்களையும் தன் கூட்டாளிகளின் குடும்பங்களையும் ஷம்பாஞ் பக்கத்துப் பெரிய ஏரி ஒன்றுக்குக் கூட்டிப்போவார். மறுகரை மங்கலாகத்தான் தெரியும். ஆண்கள் தூண்டிலோடு வரிசையாக நிற்பார்கள். பெண்கள் மர நிழலில் சோறு காய்ச்சுவோம். அங்கே அத்தான் வைத்ததே சட்டம்.

"பிடிச்ச ஆள் வெட்டுறேல்லை. பிடிக்காத ஆக்கள்தான் வெட்டவேணும்."

பெண்கள் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆகவே செதில் எப்போதும் எங்கள் கையில்தான் ஒட்டியது.

ஒரு ஞாயிறு அவர் தூண்டிலைக் கரையில் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் சும்மா அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவுதான். ஓடி வந்து பறித்தார்.

"பொம்பிளையள் தொட்டா மீன் அண்டாது. நீ போய்ச் சட்டியைக் கழுவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அத்தோடு விட்டிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. மனுஷன் விடவில்லை. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் தேநீர் குடிக்கிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்திருக்கிறார். நான் அங்கே ஒரு சேலைக்கடையில் வேலை செய்தேன். சேலை பார்க்க வந்தவர்கள் முந்தானையை விரித்துக்கொண்டே கேட்டார்கள்: "என்ன தங்கச்சி, ஏதும் மீன் பட்டுதோ?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேலை மடித்தேன். அன்றே கறுவிக்கொண்டேன்.

சட்டி கழுவச் சொன்னாரல்லவா, கழுவினேன். கரையில் ஒரு பழைய மரப்பாலம் தண்ணீருக்குள் கொஞ்சத் தூரம் நீண்டு நின்றது. அதன் நுனியில் குந்தியிருந்து அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி விடுவேன். சோற்றுக்குப் பொடிமீன்கள் வந்தன. பொடிமீன்களைத் துரத்திக்கொண்டு பாலத்துத் தூண்களின் இருட்டுக்குள்ளிருந்து முதுகில் கோடு விழுந்த மீன்கள் வந்தன. பேர்ஷ் என்று இங்கே சொல்வார்கள். ஆண்கள் தேடி வந்த மீன் அதுதான். என் காலடியில் நின்றது.

அவர்கள் எல்லோரும் கடற்கரையில் பிறந்தவர்கள். கனத்த ஈயக்குண்டு கட்டி, இறால் கோத்து, கை வலிக்க வலிக்க நடு ஏரிக்கு வீசுவார்கள். யார் தூரம் வீசுவது என்று போட்டி வேறு. எப்போதாவது ஒன்று அகப்பட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. தூணோரம் நிற்கிற மீனுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மீன்பிடி அனுமதி அட்டை எடுத்தேன். மடித்தால் சோற்றுச் சட்டிக்குள் அடங்குகிற சின்னத் தூண்டில் ஒன்றும் வாங்கினேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஈரச் சருகைக் கிளறி மண்புழு எடுத்தேன். முதலில் எல்லாம் தவறியது. நூல் துடித்த உடனே இழுத்தேன். புழு போனது, மீனும் போனது. துடிப்பு நின்று நூல் கனக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று மெல்லத்தான் பிடிபட்டது. பொறுமை எனக்கு இயல்பில் இல்லை. கோபம் கற்றுத் தந்தது. அந்தக் கோடையில் பிடித்த அத்தனையையும் ஒருவருக்கும் தெரியாமல் தண்ணீரிலேயே விட்டேன். என் நாள் வரட்டும் என்று இருந்தேன்.

வந்தது. தான் வேலை செய்த உணவகத்தின் முதலாளியை அத்தான் குடும்பத்தோடு ஏரிக்கு அழைத்து வந்தார்.

"அண்ணை, இண்டைக்கு ஏரி மீன் குழம்புதான். நான் பொறுப்பு."

வெயில் உச்சிக்கு ஏறியது. சோறு வெந்தது. புளி கரைத்தாயிற்று. மீனைத்தான் காணவில்லை. அத்தான் இன்னும் தூரம், இன்னும் தூரம் என்று வீசினார். முதலாளியின் மனைவி இரண்டாம் தரமும் குழம்பு என்னாயிற்று என்று கேட்டதும் நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்து நுனிக்குப் போனேன்.

வெறும் சட்டிக்குள் ஒளித்திருந்த தூண்டிலை விரித்து, புழு கோத்து, தூணோரம் நேரே கீழே இறக்கினேன். கனத்தது. தூக்கினேன். மறுபடி இறக்கினேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். கடைசியில் ஆண்களும் வந்தார்கள். சட்டி நிறைந்தபோது அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

நான் அவருடைய மடக்குக் கதிரையில் உட்கார்ந்தேன். கத்தியை நீட்டினேன்.

"இந்தாங்கோ அத்தான். பிடிச்ச ஆள் வெட்டுறேல்லை."

அக்கா என் தோளைத் தொட்டாள். "விடடி, பாவம்."

"சட்டம் அவரின்ர சட்டம்தானே அக்கா."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அத்தானுக்கு வேறு வழியில்லை. குந்தியிருந்து வெட்டினார். பேர்ஷின் செதில் இலேசில் வராது. முதுகு முள் ஊசி. குத்தி இரத்தம் வந்தது. விரலைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தார்.

"முள் இருக்கெண்டு சொல்லியிருக்கலாம்."

"இவ்வளவு நாளும் நாங்கள்தானே வெட்டினனாங்கள். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

அன்று குழம்பில் எனக்கு இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கடைக்கு வந்த ஒருவர் பழக்கத்தில் கேட்டார்: "என்ன தங்கச்சி, நேற்று ஏதும் மீன் பட்டுதோ?"

"ஓம் அண்ணை. எவ்வளவு பட்டதெண்டு அத்தானைக் கேளுங்கோ. அவர்தான் வெட்டினவர்."