பூஜைக்கு முன் அழித்த சாவி

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் சாலையில் இறங்கி எட்டிப் பார்க்கிற ரகம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குத் தினமும் போய்வந்தேன். கடற்கரைச் சாலையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி. ஆபீஸில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு நான்தான் பொறுப்பு.

கன்டெய்னர் கிளம்பும் முன் லேப் ரிப்போர்ட்டை, இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வரில் ஏற்ற வேண்டும். அந்த சர்வர் வெறும் பாஸ்வேர்டுக்கு மசியாது. நம் கம்ப்யூட்டரும் தன்னை இன்னார் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக அவர்கள் கொடுத்த சர்ட்டிபிகேட் எங்கள் பிரவுசருக்குள் இருந்தது. அதற்குரிய ரகசியச் சாவியும், ஒரு நீளமான எண்தான் அது, அதே மெஷினில் இருந்தது. இரண்டும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இதெல்லாம் பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அப்போது தெரிந்தது, திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், 'ஓகே' அழுத்த வேண்டும் என்பது மட்டும்.

ஆயுத பூஜை வந்தது. வேன், எடை மெஷின், ஐஸ் உடைக்கும் மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். என் கம்ப்யூட்டர் மட்டும் அழுக்குப் பிடித்து ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே துடைத்தால் போதுமா? உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். பக்கத்துக் குப்பத்துக்காரர், இரண்டு பெண்களுக்கு அப்பா. அந்தச் சாலையில் எந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவர்தான் வருவார்.

"மொத்தமா அழிச்சு ஃபார்மட் பண்ணிடுங்கண்ணா" என்றேன்.

"எல்லாம் காப்பி எட்த்துக்கினீங்களா மேடம்? அப்பால பேஜாராப் பூடும்."

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

எடுத்துத்தான் இருந்தேன். சர்ட்டிபிகேட்டைக் காப்பி எடுக்கும்போது, சாவியையும் சேர்க்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'வேண்டாம்' என்பதில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிறுத்திப் படிக்காமல் அடுத்ததை அழுத்தினேன்.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, சந்தனமும் குங்குமமும் வைத்த மெஷின் சிட்டாகப் பறந்தது. சர்வர் மட்டும் உள்ளே விடவில்லை. என்னிடம் இருந்த காப்பியைப் போட்டுப் பார்த்தேன். சாவி இல்லாத அந்தக் காப்பி, ரேஷன் கார்டின் ஜெராக்ஸைக் காட்டி அரிசி கேட்ட மாதிரிதான். வெளியே கன்டெய்னர் நின்றது. உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று முதலாளி வந்து நின்றார்.

"மெக்கானிக் ஃபார்மட் பண்ணிட்டாரு சார்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் நான் சொன்னது பொய்தான். வேலை போய்விட்டால் வீட்டில் கல்யாணத்துக்கு ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள் என்ற பயம் எனக்கு.

முதலாளி மெக்கானிக்கை வரவழைத்து, எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார். "யாரைக் கேட்டுய்யா அழிச்ச? உள்ள கீறத எட்த்துனு போயி எவனுக்குனா குட்த்துட்டியா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

வெளிநாட்டுக் கம்பெனி பழைய சர்ட்டிபிகேட்டை ரத்து செய்தது. புதியதற்கு ஒரு படிவம் அனுப்பியது. சாவி எப்படித் தொலைந்தது, வேறு யார் கைக்காவது போயிருக்குமா என்று அதில் கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதினேன். அழிக்கச் சொன்னது நான், காப்பி எடுத்தீர்களா என்று மெக்கானிக் கேட்டார், சாவியை விட்டது நான், அவர் மேல் தவறில்லை. முதலாளியின் கையெழுத்துக்காக நீட்டினேன். படித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. படிக்க மாட்டாரா என்றும் இருந்தது.

படிக்காமலே போட்டார். "சீக்கிரம் அனுப்பும்மா."

இரண்டு நாளில் புது சர்ட்டிபிகேட் வந்தது. கன்டெய்னரும் போனது. கம்ப்யூட்டர் பார்க்க வேறொரு ஆள் வந்தார்.

சில மாதம் கழித்து, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அந்த மெக்கானிக். அவராகத்தான் திரும்பிப் பேசினார்.

"நல்லாக்கீறீங்களா மேடம்? நான் இப்போ முட்டுக்காட்டுல போட் ஓட்டிக்கினு கீறேன். கம்ப்யூட்டருக்கு யாரும் கூப்பட்றதில்ல. திருடிட்டேன்னு பேச்சு வந்துட்ச்சி இல்ல?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுதிய படிவத்தின் நகல் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு இவர் குற்றமற்றவர் என்று எழுதியவள், இவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அப்படியாண்ணா" என்றுதான் வந்தது.

திருக்கழுக்குன்றத்திலேயே இறங்கிவிட்டேன். என் ஊருக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது.