தம்பியின் முழங்கைத் தோல்

கோவிட் ஓய்ந்து, ஜனங்கள் மறுபடியும் ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முட்டி, முதுகு, உள்ளங்கை என்று திட்டுத் திட்டாகச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். சொன்னால் சிரிப்பீர்கள், கோவிட் காலம் எனக்கு ஒரு விதத்தில் பொற்காலம். அப்போது யாருமே யாரையும் தொடவில்லை. அதனால் என்னைத் தொடாமல் இருக்க யாரும் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, கூடப்பிறந்தவர்களுக்கு இது உண்டா என்று கேட்டார். எனக்கு இரட்டைப் பிறவித் தம்பி ஒருவன் இருக்கிறான், அவன் உடம்பில் ஒரு புள்ளி கிடையாது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, ஒரே ஜாடையா என்றார். பெற்ற தாயே குழம்பிப்போகும் ஜாடை என்றேன். உடனே எழுந்துபோய், அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தார். செரண்டாவில் வளர்ந்த பிள்ளையாம். நான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஊர் என்பதால் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது.

"அங்கிள், உங்க தம்பிய ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா? சின்னதா ஒரு துண்டு தோல்தான் எடுப்போம். உங்கள மாதிரி ஜோடி கெடைக்கறது ரொம்ப கஷ்டம் லா. ஒருத்தர் மட்டும் வந்தா பிரயோஜனம் இல்ல."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, ரயிலில் திரும்பும்போதுதான் அவனிடம் எப்படிப் போய்க் கேட்பது என்று உறைத்தது. நானும் தம்பியும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார்கள். எங்களைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் விட்டுவிடுவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, அடையாளத்துக்காக என் கையில் மட்டும் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். அதை நானே அவிழ்த்து அவன் கையில் கட்டிவிடுவேன். பிறகு ஒருவனுக்கு இரண்டு தடவை கஞ்சியும் இன்னொருவனுக்கு இரண்டு தடவை அடியும் கிடைக்கும். எது யாருக்கு என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த நாளை மறக்கவே முடியாது. தம்பிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். கக்கூஸில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவிடுக்கு வழியாக என்னைக் கெஞ்சினான். நான் என் ஊசியைப் போட்டுக்கொண்டு, சட்டையை மாற்றி, அவன் பெயரைச் சொல்லி மறுபடியும் வரிசையில் நின்றேன். இரண்டு கையும் வீங்கி, காய்ச்சல் கண்டு படுத்துக் கிடந்தேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கோலி விளையாடிக்கொண்டிருந்தான், பாவி. ஆனால் காய்ச்சல் விடும்வரை வெளியே போகவில்லை.

நான் அவனுக்குச் சில நிமிடம் மூத்தவன். அதற்காக அவன் ஒரு நாளும் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் 'டேய்'தான். அவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி அங்கேயே இருந்துவிட்டான். நான் சுங்கை சோவில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாரம் ஒரு தடவையாவது ஒருவன் வீட்டில் இன்னொருவன் பசியாறாமல் இருந்ததில்லை.

சொரியாசிஸ் எனக்கு ஐம்பதை நெருங்கும்போது வந்தது. அதன் பிறகுதான் எங்களை ஊர்க்காரர்கள் சரியாக அடையாளம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

தம்பி மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. பெரியப்பா நான்தான் முதலில் பெண்ணுக்குச் சந்தனமும் மஞ்சளும் பூச வேண்டும். வேட்டி கட்டி, கையைக் கழுவிக்கொண்டு மணையருகே போய், சந்தனத் தட்டில் கை வைத்தேன். தம்பியின் மாமியார் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் என் பக்கம் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, நீங்க கொஞ்சம் உக்காருங்க. மத்தவங்க பூசட்டும்."

பூசாதே என்று சொன்னதைக்கூட நான் தாங்கியிருப்பேன். பிறந்ததிலிருந்து 'டேய்' என்றவன் 'அண்ணே, நீங்க' என்றானே, அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. சாப்பிடாமல் கிளம்பினேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் இரண்டு தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. அப்புறம் அவனும் விட்டுவிட்டான். நான் ரோஷக்காரன். எங்கள் இருவரில் ரோஷம் முழுக்க எனக்கும் பயம் முழுக்க அவனுக்கும் வந்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

இப்போது அவனிடமே போய்த் தோல் கேட்க வேண்டும். என் தோலைத் தொட வேண்டாம் என்றவனிடம், உன் தோலில் கொஞ்சம் கொடு என்று எந்த வாயால் கேட்பது? விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் 'உங்கள மாதிரி ஜோடி' என்று சொன்னது மனத்திலேயே நின்றுவிட்டது. எங்களை ஜோடி என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெஸ்தாரி ஜெயா போனேன். வழி நெடுக, என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தம்பி வீட்டு வாசலில் குழாயைப் பிடித்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாய் அவன் கையிலேயே நின்றது. தண்ணீர் அவன் காலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வண்டியைவிட்டு இறங்காமலேயே விஷயத்தைச் சொன்னேன். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"ஊசி போடுவாங்களா?" என்றான்.

"மரத்துப்போறதுக்கு ஒண்ணு போடுவாங்க."

குழாயைக் கீழே போட்டான். "என்னைக்கு வரணும்?" என்றான். அவ்வளவுதான். உள்ளே வரச் சொன்னான். நான் வேலை இருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

தோல் எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் எந்தக் களிம்பும் போடக்கூடாது, போட்டால் நோயின் உண்மையான நிலை தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். முதுகு முழுக்க நெருப்பாய் எரிந்தது. சட்டை உராய்ந்தாலே உயிர் போனது. இவ்வளவும் பட்ட பிறகு அவன் வராமல் இருந்துவிட்டால் எல்லாம் வீண். ரவாங் ரயில் நிலையத்தில் அன்று காலை நின்றபோது, அவன் வரமாட்டான் என்றே நினைத்தேன்.

வந்தான். அயர்ன் செய்த சட்டை, முகத்தில் பவுடர். ரயிலில் எத்தனையோ இடம் காலியாக இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். "அங்கிள், உங்க ரெண்டு பேருக்கும் ஜீன் எல்லாம் அநேகமா ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா உடம்புல எல்லா ஜீனும் எல்லா நேரமும் வேலை செய்யாது. வேலை செய்யற ஜீன் தன்னை ஒரு காப்பி எடுத்து அனுப்பும். அந்தக் காப்பி எவ்ளோ இருக்குன்னு எண்ணிப் பாத்தா, எந்த ஜீன் முழிச்சிருக்கு, எது தூங்குதுன்னு தெரியும்."

தம்பி தலையைச் சொறிந்தான். "நம்ம தோட்டத்து லயத்து வீடுங்க மாதிரியா? எல்லா வீட்டுக்கும் ஒரே வயருதான். ஆனா எவன் வீட்ல எந்த லைட்டு எரியுதுங்கறது வேற?"

"கிட்டத்தட்ட அதேதான் அங்கிள்!" என்று சிரித்தார்.

எனக்குச் சிவந்திருக்கும் இடத்தில், எதிரி உள்ளே வந்துவிட்டதுபோல உடம்பைக் காக்கும் ஜீன்கள் ஓயாமல் வேலை செய்கின்றனவாம். ஒரு மாதம் எடுத்து வளர வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து உதிர்கிறது. அதனால் என் முழங்கைத் திட்டிலிருந்து ஒரு துண்டு, என் உடம்பிலேயே நன்றாக இருக்கும் தோலில் ஒரு துண்டு, தம்பியின் முழங்கையில் ஒரு துண்டு. மூன்றையும் ஒப்பிட்டால் எது மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். இதே மாதிரி பலரிடமும் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஏதாவது சொல்ல முடியும், உங்களுக்கென்று தனியாக முடிவு எதுவும் தரமாட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

தம்பி கையில் எடுத்த பேனாவை மறுபடியும் மேசைமேல் வைத்தான். பிறகு மெதுவாக, "எனக்கும் வருமா மா?" என்று கேட்டான்.

"வரலாம் அங்கிள், வராமலும் போகலாம். மத்தவங்களவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம்தான். கண்டிப்பா வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, அண்ணன்கிட்ட இருந்து ஒட்டாது. தொட்டா வர்ற நோய் இது இல்ல."

முதலில் எனக்கு எடுத்தார்கள். அடுத்து அவன். ஊசியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குள் போன முகமாகிவிட்டது. எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், நகம் பதிகிற மாதிரி. ஆனாலும், பயத்தில் பிடித்ததையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோஷம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

மிளகு அளவுக்குத்தான் தோல் எடுத்தார்கள். எடுத்த நிமிடமே குளிர்ப்புகை கக்கும் ஒரு பாத்திரத்தில் போட்டு உறையவைத்தார்கள். தாமதித்தால் அந்தக் காப்பிகள் கெட்டுப்போகுமாம். ஆளுக்கொரு தையல், ஆளுக்கொரு பிளாஸ்டர். இன்றே களிம்பு போட ஆரம்பித்துவிடலாம், பிளாஸ்டர் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

திரும்பும் ரயிலில் சுங்கை பூலோ தாண்டிய பிறகு தம்பி வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு நலங்குல... அவங்க சொன்னாங்கன்னு நான் ஒன்ன தடுக்கலடா. தட்டுல கைய விட்ட பாரு, அந்தக் கை என் கை மாதிரியே தெரிஞ்சிச்சு. எனக்கு வந்துட்ட மாதிரியே இருந்திச்சு. பயந்துட்டேன். இப்பவும் தெனம் காலையில லோரி கண்ணாடிய திருப்பி வச்சி முழங்கைய பாத்துட்டுதான் வண்டிய எடுப்பேன்."

நான் அவனைப் பார்த்தேன். கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. இத்தனை வருடமும் அவன் என்னை அருவருத்தான் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். அவனோ தினம் காலையில் கண்ணாடியில் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பசியாறிட்டு போலாம் வா" என்றேன்.

என் வீட்டுக்கு அவன் வந்து எவ்வளவோ காலம். மனைவி காலமாகிவிட்டாள், மகன் ஜொகூரில் இருக்கிறான். நான் அடுப்படியில் தேயிலை போட்டுத் தே கலக்கிக்கொண்டிருந்தபோது, அவன் குளியலறைப் பக்கத்திலிருந்து ஒரு மரக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் நுனியில் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"இது என்னடா?"

"முதுகுக்கு. கை எட்டாது. அதுல களிம்பத் தொட்டு தடவிக்குவேன்."

கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, "சட்டைய கழட்டு" என்றான்.

வேண்டாம் என்றேன். இரண்டு வாரமாகக் களிம்பு போடவில்லை, பார்க்கவே நன்றாக இருக்காது, உரித்த மாதிரி இருக்கும் என்றேன். "கழட்டுடா" என்று அதட்டினான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். களிம்பு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. துணி எடுக்கிறானா, பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்கிறானா என்று முதுகுப் பக்கமே என் காது முழுக்க இருந்தது. வெறும் கை வந்து பட்டது. லோரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. எரியாமல், அழுத்தாமல், தோளிலிருந்து இடுப்புவரை நிதானமாகத் தடவினான். செதில் உதிர்ந்து அவன் உள்ளங்கையில் ஒட்டியிருக்க வேண்டும். கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் களிம்பை எடுத்தான். நான் அழுதேன். முன்பக்கமாக அழுதால் அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். முதுகு குலுங்கினால் தெரியாமல் இருக்குமா? அவன் தடவுவதை நிறுத்தவில்லை. தே ஆறிப்போனது.

இப்போது சனிக்கிழமை தோறும் வந்து தடவிவிட்டுப் போகிறான். அவனுடைய மாமியார் என்னைக் கண்டால் இன்றும் தள்ளித்தான் உட்காருகிறார், உட்காரட்டும். எங்கள் தோலில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தம்பிக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.

இது தொட்டால் ஒட்டாது என்று எத்தனையோ டாக்டர்கள் சொல்லி, எத்தனையோ வருடம் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அன்று தம்பியின் வெறுங்கை என் முதுகில் பட்டபோதுதான், எல்லோருக்கும் முன்னால் அதை நம்பாமல் இருந்தவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்தது.